பிரோட்டான் வி.பி.என்.: கிருஷ்ணகிரியிலிருந்து துபாய் வரை ஓராண்டுப் பயன்பாடு

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். மாம்பழப் பருவத்தில் ஆலையை விட்டு நகர முடியாது. மற்ற மாதங்களில் முதலாளியோடு துபாயில் நடக்கும் உணவுக் கண்காட்சிக்கோ, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் அனுகா கண்காட்சிக்கோ போக வேண்டியிருக்கும். தோத்தாபுரி, அல்போன்சா கூழின் விலைப் பட்டியல், வாங்குவோரின் முகவரிகள், லெட்டர் ஆஃப் கிரெடிட் எனும் வங்கி உத்தரவாதக் கடிதங்கள், கப்பல் ஆவணங்கள் எல்லாம் என் மடிக்கணினியில்தான் இருக்கின்றன. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத விடுதி வைஃபையிலும் விமான நிலைய வைஃபையிலும் இவற்றைத் திறக்க வேண்டியிருப்பதால், ஆறு மாதம் இலவசத் திட்டத்தில் பழகிப் பார்த்த பிறகு, பிரோட்டான் வி.பி.என். சேவைக்கு ஓராண்டுச் சந்தா கட்டினோம். அந்த ஓராண்டு முடியும் தறுவாயில், புதுப்பிக்கலாமா என்று முதலாளி கேட்டதற்கு நான் தயாரித்த பதிலின் விரிந்த வடிவமே இந்த மதிப்புரை.

வாங்குவதற்கு முன் அவர் கேட்ட கேள்வி, பலரும் கேட்பதுதான்: "ஏம்ப்பா, இதைப் போட்டுட்டா யாரும் ஹேக் பண்ண முடியாதா?" முடியும் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எங்கள் தொழிலை வைத்தே அவருக்கு விளக்கினேன். இன்று பெரும்பாலான இணையதளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறையில் இயங்குவதால், நாம் அனுப்பும் தகவல் சீல் வைத்த பீப்பாயில் போகும் கூழைப் போல ஏற்கெனவே மூடித்தான் போகிறது. வழியில் நிற்பவனால் கூழைத் தொட முடியாது. ஆனால் பீப்பாயின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்து, இது எந்த வங்கிக்குப் போகிறது, எந்த மின்னஞ்சல் நிறுவனத்துக்குப் போகிறது என்று அறிந்துகொள்ள முடியும். வி.பி.என். என்பது அந்தப் பீப்பாய்களை எல்லாம் ஒரு கன்டெய்னரில் ஏற்றிக் கதவைப் பூட்டுவது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நிற்பவருக்கு லாரி தெரியும், அது எந்தக் கிடங்குக்குப் போகிறது என்பது தெரியும், சீட்டுகள் தெரியா. ஆனால் கிடங்கில், அதாவது வி.பி.என். நிறுவனத்தின் சர்வரில், கன்டெய்னரைத் திறந்துதான் பீப்பாய்களைப் பிரித்து அனுப்ப வேண்டும், அங்கே இருக்கும் கிடங்குக்காரர் எல்லாச் சீட்டுகளையும் பார்ப்பார். ஆகவே வி.பி.என். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது லாரியின் வேகத்தை அல்ல, கிடங்குக்காரர் யார் என்பதைத்தான்.

கிடங்குக்காரர் தவறான ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு போதும். ஓனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. அதன் இலவச வி.பி.என். செயலி, பாதுகாப்பு தருவதாகச் சொல்லிக்கொண்டே, பயனர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018-இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்தும் 2019-இல் கூகுளின் செயலிக் கடையிலிருந்தும் அது விலக்கப்பட்டது. நானும் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலவச வி.பி.என். செயலியைப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டே பதிவிறக்கிவிட்டேன். அது முதலில் கேட்டது என் தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதியை. கன்டெய்னர் ஓட்டுகிறவனுக்கு என் வீட்டு உறவினர் பட்டியல் எதற்கு என்று தோன்றியதும் நீக்கிவிட்டேன். தோன்றுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரோட்டானைத் தேர்ந்தெடுத்ததற்கு இதே காரணம்தான். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் இது. செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த அறிவியலாளர்கள் 2014-இல் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது, வி.பி.என். சேவை 2017-இல் வந்தது. எல்லாத் தளங்களுக்குமான செயலிகளின் மூல நிரலை, யாரும் படித்துச் சோதிக்கும்படி, 2020-இல் வெளியிட்டுவிட்டார்கள். பயனர் எங்கே போனார் என்ற பதிவுகளை வைத்திருப்பதில்லை என்ற அவர்களுடைய வாக்குறுதியை, செக்யூரிட்டம் என்ற வெளி நிறுவனம் 2022 முதல் தணிக்கை செய்து அறிக்கை தந்துவருகிறது. 2024-இல் நிறுவனத்தின் முதன்மைப் பங்குதாரராக லாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை ஆனது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: 2021-இல், சுவிஸ் அதிகாரிகளின் சட்டபூர்வமான உத்தரவின்படி, பிரான்சு நாட்டுச் செயற்பாட்டாளர் ஒருவரின் மின்னஞ்சல் கணக்கு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) திறக்கப்பட்டது என்ற விவரத்தை இதே நிறுவனம் கொடுத்தது. அது மின்னஞ்சல் சேவை தொடர்பானது, வி.பி.என். தொடர்பானது அல்ல. ஆயினும் எந்த நிறுவனமும் தான் இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு மேலே இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி காட்டிவிட்டது. மாங்கூழ் விலையை மறைக்க நினைக்கும் எங்களுக்கு அதனால் அச்சமில்லை. வேறு வகையான ஆபத்தில் இருப்பவர்கள் இதை எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்தக் கதைக்குள் வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு அளித்த ஐ.பி. முகவரி, எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்ற காரணம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்ற நிறுவனங்கள் அதே ஆண்டு தங்கள் இந்திய சர்வர்களை அகற்றின. பிரோட்டானும் செப்டம்பரில் அகற்றியது. செயலியில் இந்தியா என்ற பெயர் இன்னும் இருக்கிறது, அதைத் தட்டினால் இந்திய ஐ.பி. முகவரியும் கிடைக்கிறது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் இயந்திரம் சிங்கப்பூரில் இருப்பது. சென்னையில் இருக்கும் ஒரு தளத்தைக் கிருஷ்ணகிரியிலிருந்து திறந்தாலும் தகவல் கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது. மின்னஞ்சலுக்கும் ஆவணங்களுக்கும் இந்தச் சுற்று உறுத்தவில்லை. காணொளி அழைப்புக்கு உறுத்தும், அது தூரத்தின் இயல்பு. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய முகவரி வேண்டும் என்பவருக்கு இது குறையே அல்ல. ஊரில் இருந்துகொண்டு போடுகிறவர்தான் எதற்காகப் போடுகிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனிப் பயணத்தில் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய குறை. ஆகவே எங்கள் பயணங்கள் எல்லாம் நெடுஞ்சாலையில்தான் தொடங்குகின்றன. சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகும் பேருந்திலும், தருமபுரி வழியாகச் சேலம் போகும்போது தொப்பூர் கணவாயிலும் கைபேசி சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும். வி.பி.என். ஒன்றைச் சோதிக்க இதைவிட நல்ல பாதை இல்லை. பிரோட்டானில் வயர்கார்டு, ஓபன்விபிஎன் என்ற இரு நெறிமுறைகளோடு (இணைப்பை நடத்தும் விதித் தொகுப்புகள்), வி.பி.என். பயன்பாட்டையே சாதாரண இணையப் போக்குவரத்து போலக் காட்டும் ஸ்டெல்த் என்ற ஒன்றும் உண்டு. இவற்றுள் வயர்கார்டு ஒரு சில ஆயிரம் வரி நிரலால் ஆனது. 2020-இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இணைப்பு அறுந்து கைபேசி வேறு டவருக்கோ, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கோ மாறும்போது, புதிதாகக் கைகுலுக்கித் தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடரும் வகையில் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் சிக்னல் திரும்பிய ஓரிரு நொடிகளில் மின்னஞ்சல் மீண்டும் இறங்கத் தொடங்கியதைப் பலமுறை பார்த்தேன். பேட்டரி செலவும் பொருட்படுத்தும்படி இல்லை.

இந்தச் சேவையில் நான் அதிகம் மதிப்பது கில் சுவிட்ச் என்ற வசதியை. வி.பி.என். இணைப்பு அறுந்த கணத்தில் இணையத்தையே நிறுத்திவிடுவது அதன் வேலை; இல்லையென்றால் கன்டெய்னர் கதவு திறந்துகொண்டதே தெரியாமல் லாரி ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் இது இரண்டு நிலைகளில் இருக்கிறது. சாதாரண நிலையில், எதிர்பாராமல் அறுந்தால் மட்டும் தடுக்கும். கடுமையான நிலையில், வி.பி.என். இணையாத வரை, கணினியை அணைத்துப் போட்டாலும்கூட, ஒரு துளி தகவலும் வெளியே போகாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இதைச் செயலியில் தேட வேண்டியதில்லை. கைபேசியின் சொந்த அமைப்புகளில் வி.பி.என். பகுதிக்குள் சென்று, எப்போதும் இயங்கு என்பதையும், வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடு என்பதையும் இயக்கினால் போதும்.

ஆனால் கடுமையான நிலையை வைத்துக்கொண்டு விடுதிக்குள் நுழைந்தால் முதல் இரவே ஒரு முட்டுக்கட்டை வரும். விடுதி வைஃபை, அறை எண்ணையும் பெயரையும் கேட்கும் ஒரு பக்கத்தைக் காட்டிய பிறகுதான் இணையத்தைத் தரும். விமான நிலையங்களிலும், நம் ரயில் நிலையங்களில் ரெயில்டெல் தரும் இலவச வைஃபையிலும் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி போட வேண்டும். அந்தப் பக்கம் வி.பி.என். வழியாகத் திறக்காது, வி.பி.என். அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் இணையாது. துபாயில் ஒரு விடுதியில் முதலாளி அரை மணி நேரம் வரவேற்பறைக்குத் தொலைபேசி போட்டு வைஃபை வேலை செய்யவில்லை என்று கடிந்துகொண்டிருந்தார். குற்றம் வைஃபை மேல் இல்லை, நான் அவர் கணினியில் போட்டுவைத்த அந்தக் கடுமையான நிலை மேல். அதை நிறுத்தி, பக்கத்தில் பதிந்து, மீண்டும் இயக்குவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மின்னஞ்சல் செயலி தானாகத் திறந்து கிடக்காமல் மூடிவைப்பது நல்லது. அறைக்கு வந்த விடுதி ஊழியரிடம் நான் மன்னிப்புக் கேட்டதை முதலாளி கவனிக்கவில்லை.

இரண்டு நுட்பங்களை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றை அறியாமல் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். முதலாவது, கைபேசியில் வி.பி.என். போட்டுவிட்டு அதன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தால், பொதுவாக மடிக்கணினியின் தகவல் கைபேசியின் வி.பி.என். வழியாகப் போவதில்லை, கைபேசியைச் சாதாரண மோடம் போலக் கடந்து போகிறது. மடிக்கணினிக்குத் தனியே போட வேண்டும். இரண்டாவது, 2024 மே மாதத்தில் டனல்விஷன் என்ற பெயரில் வெளியான ஆய்வு. வைஃபையில் இணையும் கணினிக்கு முகவரி தரும் டி.எச்.சி.பி. என்ற ஏற்பாட்டில் 121 என்ற எண்ணுள்ள ஒரு விருப்பம் பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. வைஃபையை நடத்துபவர் தீய எண்ணம் கொண்டவராக இருந்தால், அதைக் கொண்டு, வி.பி.என். இணைந்ததாகவே காட்டிக்கொண்டிருக்க, தகவலை மட்டும் கன்டெய்னருக்கு வெளியே திருப்பிவிட முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது. இது ஒரு நிறுவனத்தின் குறை அல்ல, பெரும்பாலான வி.பி.என். சேவைகளுக்கும் பொருந்துவது. ஆண்ட்ராய்டு அந்த 121-ஆம் விருப்பத்தையே ஏற்பதில்லை என்பதால் தப்பித்துக்கொண்டது. இதைப் படித்த பிறகு, வங்கி வேலை இருந்தால் மடிக்கணினியை விடுதி வைஃபையில் இணைக்காமல் என் ஆண்ட்ராய்டு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைக்கிறேன்.

முதலாளி வைத்திருப்பது ஐபோன். அதில் வி.பி.என். போடுவதற்கு முன்பே திறந்திருந்த இணைப்புகள் சில, போட்ட பிறகும் வெளியிலேயே தொடரக்கூடும் என்ற குறையை 2020-இல் உலகுக்கு அறிவித்ததே பிரோட்டான் நிறுவனம்தான். தங்கள் பொருளின் வரம்பைத் தாங்களே சொல்லும் வழக்கம் இத்துறையில் அரிது என்பதால் எனக்கு அது மரியாதையை ஏற்படுத்தியது. வி.பி.என். இணைந்த பின் விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் பெரும்பாலும் பழைய இணைப்புகள் அறுந்து உள்ளே வந்து சேரும் என்பது அவர்கள் சொன்ன தற்காலிக வழி.

துபாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால், வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வி.பி.என். போட்டு வீட்டுக்குப் பேசுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குற்றம் செய்வதற்காகவோ அதைக் கண்டுபிடிக்க விடாமல் தடுப்பதற்காகவோ ஐ.பி. முகவரியை மறைப்பவருக்குச் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தடைசெய்யப்பட்ட அழைப்புக்காக அதைப் பயன்படுத்துவது இந்தப் பிரிவின் நிழலுக்குள் போய் நிற்பது. நாங்கள் அலுவலகக் கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தினோம். வீட்டுக்குப் பேச ரோமிங் இருந்தது.

ரோமிங் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டிருந்தால் சந்தா கட்டியிருக்கவே மாட்டார்கள் என்று சிலரைப் பற்றி நினைப்பதுண்டு. இந்திய சிம்மை வெளிநாட்டில் ரோமிங்கில் பயன்படுத்தும்போது, டேட்டா வழக்கமாக நம் நாட்டு நிறுவனத்தின் வலையமைப்புக்கே திரும்பி வந்துதான் இணையத்துக்குள் போகிறது. ஆகவே வெளிநாட்டு முகவரிக்குத் திறக்காத சில இந்திய அரசுத் தளங்கள் ரோமிங்கில் வி.பி.என். இல்லாமலே திறக்கும். மூன்று நாள் பயணம், கையில் ஒரு கைபேசி, பார்க்க வேண்டியது வங்கி இருப்பும் மின்னஞ்சலும் மட்டும் என்றால், ஒரு ரோமிங் பேக் போட்டுக்கொண்டு வைஃபை பக்கமே போகாமல் இருப்பது சிக்கனம். எங்களைப் போல இரண்டு வாரம் இரண்டு மடிக்கணினியோடு அலைகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒரு சங்கடமும் உண்டு. இலவசத் திட்டத்தில் இருந்த காலத்தில், கிருஷ்ணகிரி அலுவலகத்திலேயே வி.பி.என்.-ஐ அணைக்க மறந்து எங்கள் வங்கியின் இணையப் பக்கத்தில் நுழைந்தேன். இலவசத் திட்டத்தில் நாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, செயலியே தேர்ந்தெடுக்கும். அன்றைக்கு அது நெதர்லாந்து. காலையில் கிருஷ்ணகிரியில் இருந்த வாடிக்கையாளர் மதியம் நெதர்லாந்திலிருந்து வருவதைக் கண்ட வங்கி, கணக்கின் இணையச் சேவையை முடக்கிவிட்டது. சுங்க வரி கட்ட வேண்டிய நாள் அது. முடக்கத்தை நீக்கக் கிளைக்கு நேரில் போக வேண்டியிருந்தது. வங்கி மேல் எனக்குக் கோபமில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. சந்தாத் திட்டத்தில் இந்திய முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதோடு, குறிப்பிட்ட செயலிகளை மட்டும் வி.பி.என்.-க்கு வெளியே விடும் வசதியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலிகளையும் யு.பி.ஐ. செயலிகளையும் அப்படி வெளியே விட்டுவிட்டேன். ஆனால் இதற்கு, வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடு என்று முன்னே சொன்ன அமைப்பை ஊரில் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தா.

இலவசத் திட்டத்துக்கும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: இலவசத்தில் ஒரு கருவி, டேட்டா அளவுக்கு வரம்பில்லை, விளம்பரம் இல்லை, நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. சந்தாவில் பத்துக் கருவிகள், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள், விளம்பரங்களையும் தீங்கான தளங்களையும் தடுக்கும் வசதி. விலை சலுகைக்குச் சலுகை மாறுகிறது. மாதக் கணக்கில் கட்டுவதைவிட ஆண்டுக் கணக்கில் கட்டுவது நன்றாகவே மலிவு. பணம் கட்டும்போது நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: இந்தியாவில் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மூடப்பட்ட நிலையிலேயே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டுக் கட்டி, கட்டியதும் மறுபடி மூடிவிட்டேன்.

எங்களைப் போன்ற ஏற்றுமதியாளருக்கு உண்மையான இழப்பு எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுதினால் அது நேர்மையாகாது. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆலைக்கு வர வேண்டிய பணம், வேறு நாட்டில் இருக்கும் வேறு ஒருவரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலையின் மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு போலி முகவரி. அதே லெட்டர்ஹெட், சரக்கு அனுப்புமுன் தரும் விலைச்சீட்டான அதே புரோஃபார்மா இன்வாய்ஸ். வங்கிக் கணக்கு மட்டும் மாறிவிட்டது என்று ஒரு வரி. வாங்குபவர் நம்பிக் கட்டிவிட்டார். இரண்டு பக்கமும் வி.பி.என். போட்டிருந்தாலும் இது நடந்திருக்கும், ஏனென்றால் அந்தப் போலிக் கடிதமும் சீல் வைத்த பீப்பாயில்தான் வந்தது. அன்றிலிருந்து, கணக்கு எண் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்டுத்தான் உறுதி செய்கிறோம். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டாயிற்று. இவ்விரண்டுக்கும் செலவு ஒன்றுமில்லை.

முதலாளிக்கு நான் கொடுத்த பதில்: புதுப்பிக்கலாம், ஆனால் எல்லோருக்கும் வேண்டாம். வெளிநாடு போகும் மூவரின் கைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் ஒரே சந்தா போதும். ஆலை அலுவலகத்துக் கணினிகளில் இருந்ததை எடுத்துவிடலாம். அங்கே இணைப்பு நம்முடையது, வைஃபை கடவுச்சொல்லும் நம்முடையது. மாதம் ஒருமுறை பெங்களூரு போய்வரும் கொள்முதல் பிரிவுத் தம்பிக்கு இலவசத் திட்டமே தாராளம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த ஒன்று, இந்திய முகவரிக்காகச் சிங்கப்பூர் வரை போய்வரும் அந்தச் சுற்றுக்கு. அது அவர்கள் தவறு இல்லை என்று தெரிந்தும் குறைத்திருக்கிறேன். வாங்குகிறவருக்குக் காரணம் எதுவானாலும் சுற்று சுற்றுதானே. முதலாளி முழுவதையும் படித்துவிட்டு, அடுத்த முறை விடுதிக்குப் போனதும் வரவேற்பறைக்கு நீயே போன் போடு என்றார்.